மாயக்கதைக்கு முன்பணம் கேட்கலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஃபேன்டஸி நாவல் எழுதி வைத்திருக்கிறோம், பதிப்பகம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, வாசகர்களிடமே முன்கூட்டிப் பணம் திரட்டி நாமே போட்டுவிடலாமா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து மட்டும் எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். 2019-ல் மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டாலும் எனக்கு இன்னும் அது வட ஆற்காடுதான், எல்லாரும் என் ஊர்க்காரர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஆறு வருஷமாக ராத்திரியில் உட்கார்ந்து மூன்று பாகமாக ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். வேலூர்க் கோட்டை அகழிக்கு அடியில் இன்னொரு ஊர் இருப்பதாகக் கதை. நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை, ஒருவர் இதெல்லாம் தமிழில் போகாது என்றார், இன்னொருவர் 80,000 ரூபாய் கட்டினால் போடுகிறேன் என்றார். அமெரிக்காவில் ஒரு எழுத்தாளர் வாசகர்களிடமே கோடிக்கணக்கில் திரட்டினாராமே, நமக்கு அது நடக்குமா?
— வாசகர், ராணிப்பேட்டை

நீங்கள் சொல்வது பிராண்டன் சாண்டர்சன். 2022 மார்ச்சில், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் நான்கு நாவல்களுக்காக ஒரே மாதத்தில் 4 கோடியே 17 லட்சம் டாலர் திரட்டினார், பணம் கட்டியவர்கள் 1,85,000 பேருக்கு மேல். அதுவரை அந்தத் தளத்தில் எந்தத் திட்டத்துக்கும் அவ்வளவு வந்ததில்லை. எனக்கு எழுதுகிற எல்லாரும் இந்தத் தொகையைத்தான் குறிப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. அவருடைய முதல் நாவல் வந்தது 2005-ல், அதாவது பதினேழு வருஷம் புத்தகம் புத்தகமாக வாசகர்களைச் சேர்த்த பிறகுதான் அவர் கையை நீட்டினார். இரண்டாவது, அந்த நான்கு நாவல்களையும் எழுதி முடித்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பணம் கேட்டார், 2023-ல் நான்கும் ஒவ்வொன்றாக வெளிவந்துவிட்டன. நீங்களும் எழுதி முடித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பதால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கிக்ஸ்டார்ட்டரை மறந்துவிடுங்கள். இந்திய முகவரியும் இந்திய வங்கிக் கணக்கும் வைத்துக்கொண்டு அங்கே திட்டம் தொடங்க வழியில்லை, இங்கிருந்து மற்றவர்களுக்குப் பணம் கட்டலாம், அவ்வளவுதான். இங்கே கெட்டோ, மிலாப் மாதிரித் தளங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்பவர்கள். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரன் நான். அந்தக் குழந்தையின் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் நம் நாவலை வைத்துப் பணம் கேட்க எனக்கு மனம் வராது.

அப்புறம் எங்கேதான் போவது? நமக்கு இது புதுசே இல்லை. முன்வெளியீட்டுத் திட்டம் என்று பதிப்பகங்கள் ரொம்ப நாளாகச் செய்துவருவது இதுதான். உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வருவதற்கு முன்னாலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று பலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கையொப்பம் என்றே அதற்குப் பெயர்.

அதைவிடப் பழசு நம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம், மகாபாரதக் கதையைச் சொல்லியும் கூத்தாக ஆடியும் நடத்துகிற திருவிழா. என் சொந்த ஊர் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பாரதம் வைக்க வேண்டுமென்றால் தை மாதமே ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அப்பா ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார், நான் பின்னாலேயே டார்ச் பிடித்துக்கொண்டு போவேன். கொடுக்க முடியாதவர்கள் நெல்லாகக் கொடுப்பார்கள், அதையும் எத்தனை மரக்கால் என்று எழுதிக்கொள்வார். அந்தப் பணத்தில்தான் கதை சொல்லும் பிரசங்கியார் வருவார், கூத்தாடும் குழுவான கூத்து ஜமா வரும். ராத்திரி முழுக்க அரவான் களபலியும் அர்ச்சுனன் தபசும் நடக்கும். நடுவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் வீட்டுப் பேரன் பெங்களூரிலிருந்து அனுப்பிய ஐந்நூறு ரூபாய் என்று உரக்கச் சொல்வான், கூட்டம் அந்த வீட்டுப் பாட்டியைத் திரும்பிப் பார்க்கும். கடைசி நாள், போர் முடிகிற படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான், பத்து ஆள் நீளம். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் அப்பா அதே நோட்டை எடுத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்று வரவையும் செலவையும் ஒன்றுவிடாமல் வாசிப்பார். மிச்சம் பதினெட்டு ரூபாய் என்றால் பதினெட்டு ரூபாய்.

மாயமும் மந்திரமும் வரமும் சாபமும் நிறைந்த ஒரு பெரிய கதைக்கு ஊரே முன்பணம் போட்டது அது. ஏன் போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேட்கிற ஆளைத் தெரியும், கதை என்னவென்று தெரியும், எந்த தேதியில் நடக்கும் என்று தெரியும், கணக்கு வாசிப்பார்கள் என்றும் தெரியும். இந்த நான்கும் உங்களிடம் இருந்தால் நடக்கும். கோடிக்கணக்கில் அல்ல, முதல் பாகத்தை முந்நூறு பிரதி போடுகிற அளவுக்கு நடக்கும். மூன்று பாகத்துக்கும் சேர்த்துக் கேட்காதீர்கள், முதல் பாகம் கைக்குப் போன பிறகு இரண்டாவதுக்குக் கேளுங்கள், அப்போது கேட்பதே சுலபமாக இருக்கும்.

80,000 கேட்டவர் விஷயம். பணம் வாங்கிப் போட்டுக்கொடுப்பது குற்றமில்லை, ஆனால் எத்தனை பிரதி அச்சடிப்பார், அதில் எத்தனை உங்கள் கைக்கு வரும், உரிமை யாரிடம் இருக்கும் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

என் நாவல் 62,000 வார்த்தை. ஜவ்வாது மலையில் நடக்கிற கதை. எவ்வளவு இலக்கு வைப்பது? ஐந்து லட்சம் என்று போடு, அதில் பாதியாவது வரும் என்கிறார் நண்பர்.
— ஆசிரியை, குடியாத்தம்

நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள் டீச்சர். பணம் கொடுப்பவர்கள் அந்த ஐந்து லட்சத்தைப் பார்த்ததுமே இது எதற்கு என்று மனசுக்குள் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செலவைத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினால் ஒரு ரூபாய்க்குக்கூடக் கேள்வி வராது.

பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். டெம்மி சைஸில் வழக்கமான எழுத்து அளவில் தமிழ் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 வார்த்தை பிடிக்கும், உங்களுக்கு 282 பக்கம் வரும். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. 18 ஃபாரம் என்றால் 288 பக்கம், சரியாக அடங்கிவிட்டது என்று தோன்றும். ஆனால் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, மலையின் வரைபடம், பணம் கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியல் எல்லாவற்றுக்கும் மிச்சம் ஆறே பக்கம். இருநூறு பெயர் மட்டுமே மூன்று பக்கம் பிடிக்கும். ஆக 19 ஃபாரம், 304 பக்கம். இந்த ஒரு ஃபாரத்தை மறந்துவிட்டு விலை சொல்லிவிட்டுக் கடைசியில் முன்னுரையை வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

300 பிரதிக்குப் பிரதி ஒன்று 135 ரூபாய் என்று வைத்தால் 40,500. நான் சமீபத்தில் வாங்கிய கொட்டேஷன்களை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் வேலூரில் ஒன்று, சென்னையில் ஒன்று, சிவகாசியில் ஒன்று என்று மூன்று இடத்தில் கேட்டுவிடுங்கள், பேப்பர் மேப்லித்தோவா நேச்சுரல் ஷேடா, எத்தனை ஜிஎஸ்எம் (பேப்பரின் கனம்) என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேப்பருக்கு விலை சொல்வார்கள். லேஅவுட் பக்கத்துக்கு 30 ரூபாய், 9,120. மெய்ப்புப் பார்ப்பவருக்கு 10,000, இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஃபேன்டஸியில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் நாமே உண்டாக்கியவை, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் இருபதாம் அத்தியாயத்தில் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்போம், அதை நம் கண் பிடிக்காது. அட்டை ஓவியமும் வரைபடமும் 12,000. இதுவரை 71,620.

அடுத்தது தபால். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். அச்சகத்தில் அதே பேப்பரில் ஒரு வெற்றுப் புத்தகம் செய்துதரச் சொல்லுங்கள், டம்மி என்றால் புரியும். அதை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். உங்கள் புத்தகம் 300 கிராமைத் தாண்டும். அஞ்சல் துறை 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று புத்தகத்துக்கென்றே ஒன்று கொண்டுவந்தது, 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை. அது எல்லா வகைப் புத்தகத்துக்கும் பொதுவானது அல்ல, கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்தவற்றுக்கு என்று வரையறை உண்டு, அதனால் டம்மியோடு நேராகத் தபால் நிலையத்துக்குப் போய் நாவலை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் கூரியர்தான். பேக்கிங்கும் சேர்த்துப் பிரதிக்கு 60, முன்பதிவு செய்பவர்கள் 220 பேர் என்று வைத்தால் 13,200. மொத்தம் 84,820. நூற்றுக்குப் பத்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் தவறும். 93,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

425 ரூபாய் வீதம் 220 பேர் கொடுத்தால் முடிந்தது. ஐந்து லட்சத்தைப் பற்றி யோசிப்பதைவிட்டு 220 பேரைப் பற்றி யோசியுங்கள். ஒரு நோட்டை எடுத்து, இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று தோன்றுகிறவர்கள் பெயரை எழுதுங்கள். நான் இதுவரை மூன்று புத்தகங்களுக்கு முன்பதிவு நடத்தியிருக்கிறேன், கண்டிப்பாக வாங்குவேன் என்று வாயால் சொன்னவர்களில் மூன்றில் ஒருவர்தான் கட்டினார். ஆக நோட்டில் 660 பெயர் வேண்டும். இல்லையென்றால் இலக்கைக் குறைக்காதீர்கள், தேதியைத் தள்ளிப்போடுங்கள். அந்த இடைவெளியில் முதல் இரண்டு அத்தியாயங்களை இலவசமாகப் படிக்கக் கொடுங்கள், உங்கள் பள்ளி ஆண்டு விழாவில், புத்தகத் திருவிழாவில், வாசகர் வட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

முப்பது அல்லது நாற்பது நாள் கெடு வையுங்கள். கெடுவுக்குள் தொகை சேராவிட்டால் முழுவதையும் திருப்பிக் கொடுப்பேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு எட்டாவிட்டால் ஒருவர் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கமாட்டார்கள், இங்கே யுபிஐயில் பணம் நேராக வந்துவிடுகிறது என்பதால் அந்தக் கட்டுப்பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், சம்பளக் கணக்கில் வாங்கவே கூடாது. பள்ளிக் கட்டணமும் கேஸ் சிலிண்டரும் போகிற கணக்கில் வாசகர் பணம் கலந்தால் எது எவருடையது என்று மூன்றே மாதத்தில் தெரியாமல் போய்விடும்.

கொடுப்பவர்களுக்குப் பதிலுக்கு என்ன தருவது என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். கையெழுத்துப் போட்ட பிரதி, பட்டியலில் பெயர், ஆயிரம் ரூபாய் கொடுப்பவர்களுக்கு வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து ஒன்று. அது போதும். டீ-ஷர்ட், கப், பொம்மை எதையும் சொல்லாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அச்சகம், தனிப் பெட்டி, தனித் தபால் செலவு. கட்டியக்காரன் பெயர் சொன்னபோது அந்தப் பாட்டி முகத்தில் வந்தது எந்தக் கப்பிலும் வராது.

இரண்டு வருஷம் முன்னால் என் தம்பி அவன் எழுதிக்கொண்டிருந்த ஃபேன்டஸி நாவலுக்காக வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுத் தொண்ணூறு பேரிடம் பணம் வாங்கினான். முப்பத்தாறாயிரம் ரூபாய். நாவல் இன்னும் முடியவில்லை, நடுவில் வேலை போய்விட்டது, பணமும் செலவாகிவிட்டது. இப்போது குழுவில் எல்லார் முன்னாலும் கேட்கிறார்கள். அவன் போனையே எடுப்பதில்லை, எழுதுவதையும் விட்டுவிட்டான். அக்காவாக நான் என்ன செய்யலாம்?
— வாசகி, ஆம்பூர்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன் அம்மா. உங்கள் தம்பி ஏமாற்றுக்காரர் இல்லை என்பது தெரிகிறது. ஆனால் கொடுத்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால், போனை எடுக்காத ஆளுக்கும் ஏமாற்றுகிற ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். பல வருஷம் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு முன்பணம் 600 ரூபாய் கட்டினேன், ஆறு மாதத்தில் வரும் என்றார்கள், நான்கு வருஷம் ஆனது. தாமதம் எனக்கு வலிக்கவில்லை, புத்தகம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் வராததுதான் வலித்தது. ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தால் இன்னும் நான்கு வருஷம் காத்திருப்பேன்.

அதனால் முதல் வேலை, இன்றைக்கே அந்தக் குழுவில் அவர் பெயரில் ஒரு செய்தி போக வேண்டும். நீளமாக வேண்டாம். நாவல் இந்த அத்தியாயத்தில் நிற்கிறது, வேலை போனதில் பணம் செலவாகிவிட்டது, தவறு என்னுடையது, திருப்பி வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், மாதம் இத்தனை பேருக்குக் கொடுப்பேன். அவ்வளவுதான். அவரால் எழுத முடியாவிட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவையுங்கள், ஆனால் அவர் போனிலிருந்துதான் போக வேண்டும். திட்டுவார்கள். ஒரு நாள் திட்டுவார்கள். அதற்குப் பிறகு பலர் பணம் வேண்டாம், புத்தகம் கொடு போதும் என்பார்கள், நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறு பேருக்கு 400 ரூபாய். மாதம் ஆறு பேருக்கு 2,400 என்று கொடுத்தால் பதினைந்து மாதம். பாதிப் பேர் வேண்டாம் என்றால் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். குடும்பத்தில் ஒரே தடவையாகக் கடன் வாங்கி அடைக்க நினைக்காதீர்கள், வட்டிக்கு வாங்கி இதை அடைத்தால் அவர் எழுதவே மாட்டார். திருப்பிய ஒவ்வொரு தொகையையும் ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், வெளியிடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பயத்தில் விட்ட எழுத்து, பயம் போனால் திரும்பி வரும். அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனம் நடுவில் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் அன்பவுண்ட் என்ற பதிப்பகம் 2011-லிருந்து வாசகர்களிடம் முன்பணம் திரட்டித்தான் புத்தகம் போட்டுவந்தது, நல்ல புத்தகங்கள் பல வந்தன. 2025 மார்ச்சில் அது நொடித்துப்போனது, எழுத்தாளர்களுக்கு வரவேண்டிய பணமும் வாசகர்கள் கட்டிக் காத்திருந்த புத்தகங்களும் அப்படியே நின்றன.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். என் வரலாற்று மாயநாவலுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் வீதம் இருபது பேரிடம் வாங்கி, விற்பனை லாபத்தில் பங்கு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
— வாசகர், சத்துவாச்சாரி

வேண்டாம் சார். புத்தகம் தருகிறேன், அதற்கு முன்பணம் கொடுங்கள் என்பது விற்பனை. லாபம் தருகிறேன், பணம் போடுங்கள் என்பது முதலீடு, அதன் சட்டமே வேறு. பங்கு கொடுத்துப் பொதுமக்களிடம் திரட்டுகிற முறையைப் பற்றி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-ல் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டதோடு சரி, அதற்கு வழி திறந்துவிடவில்லை. போதாததற்கு 2019-ல் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்கிற மத்தியச் சட்டம் வேறு வந்திருக்கிறது. வங்கியில் இருந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் ஒருபுறம். 2022-ல் நம் பக்கத்தில் மாதாமாதம் வட்டி என்று நம்பி எத்தனை குடும்பங்கள் நகையை வைத்துக் கட்டிவிட்டு நின்றன என்று காட்பாடியிலிருந்து ஆரணிவரை எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். தீபாவளிச் சீட்டில் போனது தனி. அந்தக் காயம் ஆறாத ஊரில் பங்கு, லாபம் என்ற வார்த்தைகளையே எடுக்காதீர்கள். 425 ரூபாய் கொடுங்கள், இந்த மாதம் இந்தப் புத்தகம் வரும் என்று சொல்லுங்கள். வருகிற பணம் உங்கள் வருமானக் கணக்கில் வரும், செலவுக்கு எல்லாம் பில் வைத்துக்கொண்டு ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நன்கொடை என்று பெயர் வைத்தால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அதற்கும் வரி உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அந்த ஒரு தலைவலி இல்லை.

ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தர ஒருவர் 5,000 கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், வாணியம்பாடி

கொடுக்காதீர்கள். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்குத் தரப்படும் அடையாள எண், இந்தியாவில் அது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை கொடுக்கிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொஞ்ச நாள் ஆகும் என்பதால் அச்சுக்குப் போகும் முன்பே போட்டுவிடுங்கள்.

அட்டைப்படத்தை ஏஐ வைத்தே செய்துகொண்டால் 12,000 ரூபாய் மிச்சம்தானே?
— வாசகர், காட்பாடி

மிச்சம்தான். ஆனாலும் வேண்டாம் என்பேன். கிக்ஸ்டார்ட்டரிலேயே 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏஐ பயன்படுத்தினால் எங்கே, எப்படி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டார்கள், காரணம் பணம் கொடுப்பவர்கள் அதைக் கேட்கிறார்கள். முன்பணம் கொடுப்பவர் ஒரு மனிதரின் உழைப்பை நம்பிக் கொடுக்கிறார், அவர் முதலில் பார்ப்பது அட்டையைத்தான். உங்கள் நாவலில் அசுரர் கூட்டம் ஒன்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றைத் தேடிப் போய், வேஷம் கட்டுகிற நேரத்தில் ஒரு ஓவியரைக் கூட்டிக்கொண்டு உட்காருங்கள். புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம், கட்டை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சிவப்பு முகம். எந்த நாட்டு அசுரனும் அப்படி இருக்கமாட்டான். அந்த ஜமாவுக்கும் ஒரு தொகை கொடுத்து, புத்தகத்தில் பெயர் போடுங்கள்.

தமிழில் ஃபேன்டஸிக்கு வாசகர்கள் இருக்கிறார்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
— வாசகர், ஆற்காடு

இருக்கிறார்கள். 1947-லிருந்து பல பத்தாண்டு அம்புலிமாமாவுக்காகத் தபால்காரர் வழியைப் பார்த்த நாடு இது. வேதாளம் முருங்கைமரம் ஏறுவதை நம்பிய பிள்ளைகள் வளர்ந்து இன்றைக்கு ஆங்கிலத்தில் டிராகன் படிக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். வாசகர் போகவில்லை, அவருக்குத் தமிழில் கொடுக்க ஆள் குறைந்துபோனது. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டல்லவா? ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், ஆனாலும் அந்த ஒரு வரியில் எத்தனை நாவல் கிடக்கிறது பாருங்கள். சாமி ஏன் போனது, தண்ணீர் எங்கே போனது? கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் இருக்கிறது, அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்று சொல்லாத பாட்டி நம் ஊரில் உண்டா? பணம் கேட்கிறபோது தமிழ் இலக்கியத்தில் புது முயற்சி என்றெல்லாம் எழுதாதீர்கள். அந்தச் சுரங்கத்துக்குள் உங்கள் ஆள் இறங்குகிற பக்கத்தைப் போடுங்கள். அடுத்த பக்கம் வேண்டும் என்று தோன்றினால் கொடுப்பார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் மாமா. பாலாற்றுக்கு அடியில் தண்ணீர் எல்லாம் ஒளிந்துகொண்ட ஒரு ஊரைப் பற்றி நாவல் எழுதுகிறேன், நாற்பது பக்கம் ஆகிவிட்டது. நானும் பணம் திரட்டலாமா?
— மாணவி, திருப்பத்தூர்

இப்போது வேண்டாம் கண்ணு. பணம் வாங்கினால் அவசரம் வந்துவிடும், உனக்கு இப்போது அவசரமே கூடாது. எழுதி முடி. முடித்ததும் அம்மாவிடம் சொல்லி ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுப் பத்துப் பிரதி எடு, வகுப்பில் யார் கதை கேட்டால் கண்ணை விரிப்பார்களோ அவர்களுக்குக் கொடு, எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள். பத்திரிகை முகவரிக்கு எனக்கும் ஒன்று அனுப்பு. படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். அந்த ஊருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்?